மதியத் தூக்க நேரத்தில் நடந்த கூட்டம்

மார்ச் 12, வெள்ளி

வாய் திறக்காமல் இருந்தது போதும். இருபத்தாறு வருடம் ஆகிறது.

பேரவையின் நடுவே, சபாநாயகர் மேடைக்குக் கீழே, ஒரு சின்ன மேசை. ஒரு பக்கம் நான், எதிர்ப் பக்கம் எல்பா. முப்பது உறுப்பினர்கள் பேசுவார்கள். நாங்கள் பத்து நிமிடத்துக்கு ஒருவராக மாறி மாறிச் சுருக்கெழுத்தில் எடுப்போம். இந்த மாகாணத்தில் சொல்லப்பட்ட ஒவ்வொரு பெரிய பொய்யும் என் பென்சில் வழியாகத்தான் அச்சுக்குப் போயிருக்கிறது. பொய்யை எழுதியதோடு விட்டேனா? வாக்கியம் பாதியில் நின்றிருந்தால் முடித்துக் கொடுத்தேன். கொச்சையாக இருந்தால் கண்ணியமாக்கினேன். திருடர்கள் படித்தவர்கள் மாதிரிப் பேசினார்கள் என்று பேரப்பிள்ளைகள் நினைத்துக்கொள்ள வழி செய்தவன் நான்.

நேற்று மத்திய அரசு எங்கள் மாகாணத்தின் ஆட்சியை எடுத்துக்கொண்டது. ஆளுநர் ஓத்தேரோ நீக்கம். பேரவை கலைப்பு. நீதிபதிகள் மறு உத்தரவு வரும்வரை தொங்கலில். இன்று காலை புவெனஸ் ஐரிஸிலிருந்து ஒரு ஆணையர் விமானத்தில் வந்து இறங்கினார். இனி ஆளுநர், பேரவை எல்லாமே அவர்தான். சதுக்கத்தில் கூட்டம். நானும் போய் நின்றேன். உள்ளங்கை சிவக்கக் கைதட்டினேன்.

தட்டாமல்? நாற்பது வருடம் அப்பா, அண்ணன், தம்பி என்று ஓத்தேரோ குடும்பமே ஆண்டது. ஓட்டுப் பெட்டியைத் திறந்தால் ஓத்தேரோதான் எழுந்து வருவார். சுருக்கெழுத்துப் பிரிவின் இயக்குநர் பதவி மூன்று முறை காலியானது. மூன்று முறையும் எனக்கு வர வேண்டியது. மூன்று முறையும் அந்தக் குடும்பத்தில் ஒருவனுக்குப் போனது. கடைசியாக வந்தவன் பென்சிலைச் சீவத்தான் தெரிந்தவன்.

யாராவது வந்து இவர்களைத் தூக்கி எறிய வேண்டும் என்று எத்தனை வருடம் நினைத்தேன். வந்துவிட்டார்கள்.

மார்ச் 14, ஞாயிறு

போன வாரம் நடந்ததை எழுதி வைக்க வேண்டும். நாளைக்கு ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.

மார்ச் 4, வியாழக்கிழமை. எதிர்க்கட்சித் துணைச் சபாநாயகர் அபெல் கின்தேரோஸ் முந்தின நாளே அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டிவிட்டான்: பேரவை கூடும் நேரம் பிற்பகல் இரண்டு மணி. இருபத்துநான்கு மணி நேரம் முன்னால் ஒட்ட வேண்டும், பதினாறு பேர் வர வேண்டும், அவ்வளவுதான் விதி. ஓத்தேரோ ஆட்கள் அதைப் பார்க்கவில்லையா? பார்த்தார்கள். தட்டச்சுப் பிழை என்று நினைத்திருப்பார்கள். பிற்பகல் இரண்டுக்கு இந்த ஊரில் எது நடந்திருக்கிறது? மருந்துக்கடை மூடியிருக்கும். காவல் நிலையம்கூட மூடியிருக்கும். இரண்டிலிருந்து ஐந்துவரை ஊர் தூங்கும். சபாநாயகர், அதாவது ஆளுநரின் மைத்துனர், தொலைபேசியை எடுத்துக் கீழே வைத்துவிட்டுத் தூங்கப் போனார். பேரவைச் செயலாளரும் தூங்கப் போனார்.

பதினைந்து பேர் வந்தார்கள். நாற்பத்திரண்டு டிகிரி வெயில். சட்டை உடம்பில் ஒட்ட, வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் குறைந்தாலும் அது கூட்டமே அல்ல. இரண்டு நாற்பதுக்குக் கதவு திறந்தது. ரமோனா ஒகாம்போ. வீட்டுச் செருப்பு, பூப்போட்ட வீட்டு அங்கி, கையில் விசிறி.

இருபது வருடமாக ஓத்தேரோ கட்சி உறுப்பினர். அதற்கு முன்னால் மருத்துவச்சி. அந்த அவையில் பாதிப் பேரின் தொப்புள்கொடியை அறுத்தவர். யாரும் அவரை எதிர்பார்க்கவில்லை. நேராகத் தன் இருக்கையில் போய் உட்கார்ந்தார்.

கின்தேரோஸ் பெயர்களை அழைத்தான். "ஒகாம்போ, ரமோனா."

"வந்திருக்கேன்பா. சீக்கிரம் படி, கால் வீங்குது."

எழுதினேன், செருப்பு வரைக்கும். வீட்டுச் செருப்பில் வந்தார் என்று எழுத வேண்டிய அவசியமில்லை; எழுதினேன்.

பொது மருத்துவமனை நிலத்தை மைத்துனர் பெயரில் எழுதிக் கொடுத்ததற்காக ஆளுநரைப் பதவியிலிருந்து நிறுத்தி விசாரிப்பது என்று தீர்மானம். நாலு பத்துக்கு முடிந்தது. ஊர் கண் விழித்தபோது எல்லாம் ஆகிவிட்டிருந்தது.

ஒரு வாரத்தில் மத்திய அரசு வந்துவிட்டது. கின்தேரோஸ் கிழித்தது போதும், பெரிய கை வந்தால்தான் வேலை நடக்கும். அதுதான் என் எண்ணம்.

மார்ச் 22, திங்கள்

நிர்வாகச் செயலர் மெங்கினி கூப்பிட்டனுப்பினான். ஆணையரோடு வந்தவன். முப்பத்துநான்கு வயது. சட்டம் படித்தவன், எல்லாரும் அவனை டாக்டர் என்கிறார்கள். சபாநாயகர் அறையில் தலைநகரிலிருந்து கொண்டுவந்த காப்பி இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது.

என் நோட்டைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான். "இது என்னங்க, அரபியா?"

"சுருக்கெழுத்து, டாக்டர்."

"வேற யாராவது படிக்க முடியுமா?"

"ஒவ்வொருத்தர் கையும் ஒவ்வொரு மாதிரி. இது என் கை."

"அப்ப நீங்களே படிங்க. ரெண்டு மணிக்குக் கூட்டமாமே. உங்க ஊர்ல ரெண்டு மணிக்கு நாய்கூட எழுந்து நிக்காதுன்னாங்க."

பெயர் அழைப்பைப் படித்தேன். அவன் விரல் விட்டு எண்ணினான். பதினான்கு ஆயிற்று. அடுத்த வரி ரமோனா ஒகாம்போ. தெளிவாக இருந்தது, பென்சில் அழுத்தமாக விழுந்திருந்தது.

தாண்டினேன்.

அடுத்த பெயரைப் படித்தேன். "பதினஞ்சு. அவ்வளவுதானா?" என்றான். "அவ்வளவுதான்" என்றேன்.

மேசை மேல் சான்றிதழ் தட்டச்சு செய்து தயாராக இருந்தது. மார்ச் 4 அன்று நடந்தது சில தனிநபர்களின் சந்திப்பு. அவைக்கு வேண்டிய எண்ணிக்கை இல்லை. அவைக்குறிப்பு எதுவும் இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

யாரும் மிரட்டவில்லை. யாரும் ஒன்றும் தருவதாகச் சொல்லவில்லை. ஏன் செய்தேன்?

கின்தேரோஸின் முகம் கண் முன்னால் வந்தது, அதனால். கோர்தோபாவில் சட்டக் கல்லூரியில் ஒரே பெஞ்சு. மூன்றாம் வருடம் என் அப்பா செத்தார், நான் திரும்பினேன். அவன் படித்து முடித்தான். பதினோரு வருடத்துக்கு முன்னால் அவையில் ஒரு நீதிபதியைக் கழுதை என்றான். மறுநாள் பயம் வந்துவிட்டது. எழுந்து, "நான் அப்படிச் சொல்லவே இல்லை, வெயில் நேரம், சுருக்கெழுத்தர் கண்ணயர்ந்திருப்பார்" என்றான். அவை சிரித்தது. பிழைதிருத்தம் அச்சாகியது. நான் அந்த மேசையில் உட்கார்ந்தபடி, நான் தூங்கினேன் என்பதை என் கையாலேயே எழுதினேன்.

அவன் ஜெயிக்கக் கூடாது. அவ்வளவுதான்.

மார்ச் 24, புதன்

இயக்குநர் பதவி எனக்கு. ஆணை இன்று வந்தது. என் மனைவி மிர்த்தா கன்னத்தில் முத்தம் கொடுத்து, "கடைசியில ஒரு வழியா" என்றாள்.

ஏப்ரல் 6, செவ்வாய்

எதற்கு இயக்குநர்? பேரவை பூட்டிக் கிடக்கிறது. பேச ஆளில்லாத அவையில் எழுத என்னையும் சேர்த்து நாலு பேர். அந்த நாலு பேருக்கு நான் தலைவன்.

புதிய வேலை நேரம் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து. மதிய ஓய்வு ரத்து. அலுவலகத்தில் மாத்தே இலைத் தேநீர் குடிக்கவும் தடை, "பொதுமக்கள் பார்வையில் சோம்பேறித்தனமாகத் தெரிகிறது". மூன்று மணிக்கு நிலப்பதிவு அலுவலகத்தில் ஒரு பெண் மயங்கி விழுந்தாள். திறந்துதான் வைத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் யார் வருகிறார்கள்? ஒரு ஈகூட வருவதில்லை. வியாழக்கிழமை மதியம் தலைநகர் விமானத்தில் ஆணையரும் அவருடைய ஆட்களும் ஊருக்குப் போய்விடுகிறார்கள். திங்கள் மதியம் திரும்புகிறார்கள். நம்மை உழைக்கச் சொல்ல வந்தவர்கள்.

எல்பா இன்று என் மேசைக்கு வந்து கைப்பிடி வைத்த என் நாற்காலியைத் தடவிப் பார்த்தாள்.

"நல்லா இருக்கு ருபேன். இதுல தூங்கலாம்."

வேண்டுமென்றேதான் சொன்னாள்.

ஏப்ரல் 20, செவ்வாய்

காலையில் மிர்த்தா பத்திரிகையை ரொட்டித் தட்டு மேல் வைத்தாள். "உன் கைதட்டலுக்குப் பதில் வந்திருக்கு, பார்."

ஓத்தேரோவைத் தூதராக அனுப்புகிறார்கள். ஐரோப்பாவுக்கு. புகைப்படத்தில் சிரிக்கிறான், பக்கத்தில் உள்துறை அமைச்சகத்து ஆள் ஒருவர் தோளில் கை போட்டிருக்கிறார்.

"விசாரணை?" என்றேன்.

"எந்த விசாரணை? விசாரிக்க வேண்டிய பேரவையத்தான் கலைச்சாச்சே. நாலாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொன்னாக்கூடப் புரியும். நான் சொல்லித் தரட்டுமா?" அவள் பள்ளிக்கூட ஆசிரியை. இப்படித்தான் பேசுவாள்.

உட்கார்ந்து யோசித்தேன். யோசிக்க என்ன இருக்கிறது. அவனைத் தண்டிக்க வரவில்லை, காப்பாற்ற வந்தார்கள். இங்கே பதினாறு பேர் வெயிலில் உட்கார்ந்து அவனைக் கூண்டில் ஏற்றினார்கள். அங்கேயிருந்து விமானத்தில் வந்து கூண்டையே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மாகாணம் செயலிழந்துவிட்டது, அதனால் வந்தோம் என்கிறார்கள். அது செயல்பட்ட ஒரே ஒரு மதியத்துக்காகத்தான் வந்தார்கள். அந்த மதியத்தை அழிக்க ஒரு பெயர் குறைய வேண்டியிருந்தது. அதை நான் இலவசமாகக் கொடுத்தேன்.

முட்டாள். படிச்ச முட்டாள்.

ஏப்ரல் 21, புதன்

ஒன்பதுக்குப் போனேன். ஐந்துக்கு வந்தேன்.

மே 3, திங்கள்

"தேவைக்கு மிகுதியான பணியாளர்" பட்டியல். எங்கள் நாலு பேரில் ஒருவர். எல்பா. இயக்குநர் என்ற முறையில் கடிதத்தை நான்தான் கொடுக்க வேண்டுமாம்.

அவள் உறையைப் பிரிக்கவில்லை. கைப்பைக்குள் வைத்தாள்.

"மார்ச் நாலுல பேர் கூப்பிட்டது உன் முறை" என்றாள். "தீர்மானம் என் முறையில வந்துது. கை தூக்கினாங்க, ஒருமனதாகன்னு எழுதினேன், எண்ணிக்கை எழுதல. என்கிட்ட கேட்டாங்க, என் நோட்டக் காட்டிட்டேன். உன் நோட்டுப்படி பதினஞ்சு பேருதான்னு சான்றிதழ் இருக்காமே."

நான் பட்டியலை இரண்டாக மடித்தேன்.

"பதினஞ்சு பேருக்குத் தண்ணி கொண்டுவந்து வச்சுட்டு, பதினாறாவதா ஒரு டம்ளருக்கு நான்தான் எழுந்து போனேன். அந்தம்மா கேட்டாங்க. ஞாபகம் இருக்கா?"

"எல்பா, இது உத்தரவு. நான் போட்டதில்ல."

"நீ போட்டதுன்னு நான் சொல்லவே இல்லையே. நீ எப்பவும் எதையும் போட மாட்டே. பக்கத்துல உட்கார்ந்திருப்பே."

போய்விட்டாள். இருபத்தொரு வருடம் எதிரெதிரே உட்கார்ந்தோம்.

மே 25, செவ்வாய்

விடுமுறை. தேசிய நாளுக்காகத் தேவாலயத்தில் நன்றி வழிபாடு. முன்வரிசையில் ஆணையர், பின்னால் மெங்கினி. அவனுக்குப் பாட்டு வரிகள் தெரியவில்லை, வாயை மட்டும் அசைத்தான். வெளியே சதுக்கத்தில் பெரிய பானைகளில் லோக்ரோ கொதித்தது. பூசணியும் சோளமும் வெந்த வாசனை. கிண்ணத்தோடு வரிசையில் நின்றபோது பின்னாலிருந்து யாரோ என் கோட்டை இழுத்தார்கள்.

ரமோனா ஒகாம்போ. இளைத்திருந்தார். யாரும் அவர் அருகில் நிற்கவில்லை. ஓத்தேரோ ஆட்களுக்கு அவர் துரோகி. மற்றவர்களுக்கு அவர் ஓத்தேரோ ஆள்.

"நீதானே அந்த மேசையில எழுதறவன்? நியேவா வீட்டுப் பையன். நீ பொறந்தப்ப கால்தான் முதல்ல வந்துது. உங்கம்மாவ ரொம்பப் படுத்தினே."

"தெரியும் அம்மா. சொல்லியிருக்கீங்க."

"அன்னைக்கு நான் வந்தத எழுதினியா?"

"எழுதினேன்."

"நான் வரவே இல்லைங்கறாங்க. என் பையனே சொல்றான், அம்மா நீ தூங்கிட்டிருந்தே, கனவு கண்டிருப்பேங்கறான். அவனுக்கு இப்ப நீர்வளத் துறையில வேலை போட்டுக் குடுத்திருக்காங்க." கிண்ணத்தைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார். "இருபது வருஷம் அவங்க கை தூக்கச் சொன்னப்பல்லாம் தூக்கினேன்டா. ஒரே ஒரு நாள் படுக்கையிலேர்ந்து எழுந்து வந்தேன். அந்த மருத்துவமனையில நான் முப்பது வருஷம் பிரசவம் பாத்திருக்கேன். அந்த நிலத்தப் போய்…"

"எழுதியிருக்கேன் அம்மா. செருப்புகூட எழுதியிருக்கேன்."

சிரித்தார். "செருப்ப எதுக்குடா எழுதினே, மானம் போச்சு."

என் கிண்ணத்தை அவரிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். பொய் சொல்லவில்லை. எழுதினாயா என்றுதான் கேட்டார். படித்தாயா என்று கேட்கவில்லை.

ஜூன் 17, வியாழன்

ரமோனா ஒகாம்போ இறந்துவிட்டார். மாரடைப்பு. எழுபத்தொரு வயது.

ஜூன் 19, சனி

அடக்கம். ஆணையர் மலர் வளையம் அனுப்பியிருந்தார், நீலமும் வெள்ளையும் ரிப்பன். மகன் பத்திரிகைக்காரனிடம் பேசியதை இரண்டடி தள்ளி நின்று கேட்டேன். "அம்மா கட்சிக்கு விசுவாசமா வாழ்ந்தாங்க. அந்த நாள் அவங்க வீட்டுல தூங்கிட்டுதான் இருந்தாங்க. நானே கதவச் சாத்திட்டுப் போனேன்."

குழிக்குப் பக்கத்தில் நின்று சொல்கிறான். அவனை இந்த உலகத்துக்கு இழுத்துப் போட்ட கையைத்தான் பெட்டியில் வைத்து மூடியிருக்கிறார்கள்.

அறைந்திருக்கலாம். யார் நான் அறைய? அவனைப் பெற்றவளை வீட்டில் படுக்க வைத்தது அவன் வார்த்தை மட்டுமா? என் சான்றிதழும்தானே.

ஜூன் 28, திங்கள்

கின்தேரோஸ் வீட்டுக்கு வந்தான். பதினோரு வருடத்தில் முதல் தடவை. மிர்த்தா மாத்தே ஊற்றிக் கொடுத்தாள். என்னைப் பார்த்த பார்வையில், ஒழுங்காகப் பேசு என்று இருந்தது.

"ருபேன், பேரவையைக் கலைச்சதுக்கு எதிரா நாங்க போட்ட வழக்கு உச்ச நீதிமன்றத்துல நிக்குது. அவை சட்டப்படி கூடிச்சுன்னு காட்டணும். ஜூலை பதினாறுதான் கடைசி. ரமோனா அம்மாகிட்ட வாக்குமூலம் வாங்க அடுத்த வாரம் போறதா இருந்தோம். போயிட்டாங்க. மத்த பதினஞ்சு பேரும் கட்சிக்காரங்க, எங்க வார்த்தை எடுபடாது. உன் நோட்டுதான் மிச்சம்."

"சான்றிதழ் பாத்தியா?"

"பாத்தேன். நீ எழுதினதையும் பாத்தேன். மேடையிலேர்ந்து உன் பென்சில்தான் எனக்குத் தெரிஞ்சுது. அவங்க பேருக்கு நீ நிறுத்தாம ஒரு வரி முழுக்க எழுதினே."

அப்போது கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "நான் தூங்கிட்டிருந்தா?"

"என்ன?"

"வெயில் நேரம். சுருக்கெழுத்தர் கண்ணயர்ந்திருப்பார்."

என்னைப் பார்த்தான். முகத்தில் ஒன்றும் இல்லை. வெட்கம் இல்லை, கள்ளத்தனமும் இல்லை. அவனுக்கு ஞாபகமே இல்லை.

"எந்த விஷயம் சொல்றே?"

பதினோரு வருடம். ஒவ்வொரு நாளும் அந்தச் சிரிப்புச் சத்தத்தோடு எழுந்தேன். இவனுக்கு அது ஒரு வாக்கியம். சொன்னான், மறந்தான்.

"வெளிய போ" என்றேன். கத்தினேன் என்று மிர்த்தா சொல்கிறாள்.

அவன் போன பிறகு அவள் மாத்தே குடுவையைக் கழுவிக்கொண்டே, முதுகைத் திருப்பியபடி சொன்னாள்: "அவன் மேல கோவப்பட உனக்கு ஆயிரம் காரணம் இருக்கு. அந்தம்மா உனக்கு என்ன பண்ணாங்க?"

ஜூன் 30, புதன்

பதில் தேடுகிறேன். ஒன்றும் பண்ணவில்லை. காலைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தார், அவ்வளவுதான்.

ஜூலை 5, திங்கள்

மெங்கினியின் சுற்றறிக்கை. பேரவைக் கட்டடம் ஆணையரின் அலுவலகமாக மாறுகிறது. ஆவணக் காப்பறையில் உள்ள "பயனற்ற கையெழுத்து நோட்டுகள்" வியாழக்கிழமை காகித ஆலைக்குப் போகும். கூழாக்க.

நேரில் போய்ச் சொன்னேன். "டாக்டர், சுருக்கெழுத்து நோட்டுகளை ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி."

"யாரோட விதி?"

"பேரவையோட விதி."

"எந்தப் பேரவை?" என்றான். கேலியாகக்கூட இல்லை, உண்மையாகவே கேட்கிற மாதிரி இருந்தது. பிறகு எழுந்து வந்து என் தோளில் கை வைத்தான். "நியேவா, உங்களுக்கு ஓய்வூதியத்துக்கு இன்னும் ரெண்டு வருஷம். நிம்மதியா இருங்க. நான் ஆகஸ்ட்ல கிளம்பிடுவேன். உங்க ஊரை என்னால புரிஞ்சுக்கவே முடியல, சத்தியமா. இவ்வளவு நல்ல எம்பனாடா சுடறீங்க, ஒரு அரசாங்கம் நடத்தத் தெரியலையே."

அந்தக் கையைத் தட்டிவிடவில்லை. கதவுவரை போனேன். நடைபாதையில் நின்றபோதுதான் வாய்க்குள் சொன்னேன். நடத்தினோம்டா. ஒரு மதியம் நடத்தினோம். உங்க காப்பி மெஷின் வர்றதுக்கு முன்னாடி, இந்த வெயில்ல, வீட்டுச் செருப்போட வந்து நடத்தினாங்க.

ஜூலை 7, புதன்

காப்பறைச் சாவி இயக்குநரிடம்தான் இருக்கிறது. மூன்றாவது அலமாரி. நோட்டு இப்போது என் வீட்டில், கோதுமை மாவு டப்பாவுக்குப் பின்னால்.

ஜூலை 9, வெள்ளி

சுதந்திர தினம். விடுமுறை. மதியம் இரண்டு மணிக்கு ஊர் தூங்கப் போனதும் எல்பா வீட்டுக் கதவைத் தட்டினேன். திறக்க நேரமாயிற்று. தலைமுடியைக் கொண்டை போட்டுக்கொண்டே திறந்தாள்.

"இயக்குநர் நேர்ல வந்திருக்கார். இன்னும் எதுலேர்ந்து என்னை நீக்கணும்?"

நோட்டை நீட்டினேன். வாங்கிப் பெயர் அழைப்புப் பக்கத்தைப் பிரித்தாள். என் எழுத்து அவளுக்குப் பாதி தெரியும். இருபத்தொரு வருடமாக எதிர்ப் பக்கத்திலிருந்து தலைகீழாகப் பார்த்தவள். விரலை வரிமேல் வைத்து நகர்த்தினாள். பதினான்கு. நின்றாள்.

"செருப்பையும் எழுதியிருக்கே."

"ஆமா."

"இதப் படிக்கும்போது எப்படித் தாண்டினே?"

சொன்னேன். கழுதையில் தொடங்கி எல்லாவற்றையும். அவள் பரிதாபப்படவில்லை. "சரியான அற்பம்டா நீ" என்றாள். உள்ளே போய்த் தன் தட்டச்சு இயந்திரத்தை எடுத்துவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். தன் நோட்டையும். அவளுடையதை வேலையை விட்டுப் போகும்போதே எடுத்துப் போயிருக்கிறாள். "என்னத் தேவையில்லைன்னவங்களுக்கு என் நோட்டு எதுக்கு?"

கார்பன் தாள் வைத்து மூன்று மணி நேரம். என் முறை, அவள் முறை, என் முறை. நான் படிக்க அவள் தட்டினாள், அவள் படிக்க நான் தட்டினேன். எதையும் கண்ணியமாக்கவில்லை. "சீக்கிரம் படி, கால் வீங்குது" அப்படியே போயிற்று. ஒரு இடத்தில் கின்தேரோஸ் வாக்கியத்தைப் பாதியில் விட்டிருந்தான். பாதியிலேயே விட்டேன். முடித்துக் கொடுக்க நான் யார்.

அவையில் எல்லாத் தாளுக்கும் கீழே அந்தந்த முறையை எடுத்தவர் கையெழுத்து இருக்க வேண்டும். அவள் தன் தாள்களில் போட்டாள். முழுப் பெயர். பேனாவை என் பக்கம் உருட்டினாள்.

"நாளைக்குச் சொல்றேன்" என்றேன்.

"நாளைக்குன்னா?"

"நாளைக்கு."

ஜூலை 10, சனி

நாள் முழுவதும் அந்தத் தாள்கள் முன்னால்.

போட்டால் என்ன ஆகும்? பொய்ச் சான்றிதழ் கொடுத்த வழக்கு. வேலை போகும். இரண்டு வருடம் மிச்சமிருக்கும் ஓய்வூதியம் போகும். மிர்த்தாவின் சம்பளத்தில் இரண்டு பேர். பயம் இருக்கிறது. இல்லை என்று இங்கேயும் எழுதினால் இதுவும் நான் திருத்திக் கொடுத்த அவைக்குறிப்பு ஆகிவிடும்.

மிர்த்தாவிடம் கேட்டேன். "எனக்காகப் போடாதே, எனக்காகப் போடாம இருக்காதே" என்றாள். "என்னை இழுக்காதே இதுல."

ஜூலை 11, ஞாயிறு

தேவாலயத்துக்குப் போகவில்லை. நேராகக் கல்லறைக்குப் போனேன். ரமோனா அம்மாவின் கல்லில் மகன் பொறித்திருக்கிறான்: "அமைதியாகத் தூங்குகிறார்". வேறு ஒரு கல்லாக இருந்தால் பார்த்துவிட்டுப் போயிருப்பேன். இங்கே என்னால் முடியவில்லை. செத்த பிறகும் அவரைத் தூங்க வைக்கிறார்கள்.

எழுந்து வந்தாரே. அதுதானே அவர் செய்தது. எழுந்து வந்தார்.

எல்பா வீட்டுக்குப் போனேன். அவள் தோட்டத்தில் எலுமிச்சை பறித்துக்கொண்டிருந்தாள்.

"என் கையெழுத்து இப்ப அந்தச் சான்றிதழுக்குக் கீழே இருக்கு" என்றேன். "அதையே இதுக்கும் கீழே போட்டா, கேட்கற பக்கமெல்லாம் கையெழுத்துப் போடறவன்னு ரெண்டையும் சேர்த்துத் தூக்கிப் போடுவாங்க. மெங்கினியோட வக்கீலுக்கு வேலையே மிச்சம். நியேவா எந்த நாள் உண்மை சொன்னான்னு அதப் பத்தியே பேசுவாங்க. அந்தம்மாவப் பத்திப் பேச்சே வராது."

"ரொம்ப அழகா யோசிச்சிருக்கே. கோழைத்தனத்துக்கு இவ்வளவு நல்ல காரணம் நான் கேட்டதில்ல."

"ரெண்டும்தான் எல்பா. கையெழுத்தில்லாம அனுப்பறேன்."

பறித்த எலுமிச்சைகளை ஏப்ரன் மடியில் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "நோட்டையே அனுப்பறியா? நகல் இல்ல, அசல்?"

"அசல்."

"அப்ப அவங்க வேற யாரையாவது கூப்பிட்டுப் படிக்கச் சொல்லலாம். என்னைக் கூப்பிட்டா நான் போவேன். பாதி தெரியும், மீதியத் திணறிப் படிப்பேன். அந்த வரி எனக்குத் தெரியும்." பிறகு, "ஊர்ல சுருக்கெழுத்து எழுதறவங்க நாலு பேர். ஒரு முறை விட்டு ஒரு முறை என் பேர் இருக்கும். நடுவுல வெறும் தாள். உன்னக் கண்டுபிடிக்க அவங்களுக்கு அரை நாள் ஆகுமா?"

"ஆகாது."

"தெரிஞ்சேதான் பண்றியா?"

"தெரிஞ்சேதான்."

இரண்டு எலுமிச்சையை என் கோட்டுப் பையில் போட்டாள்.

இப்போது மதியம் மூன்று. ஐந்து உறைகள் மேசையில். நீதிமன்றத்துக்குத் தடித்தது, அசல் நோட்டோடு. கின்தேரோஸுக்கு ஒன்று, வேண்டாம் என்று எடுத்து வைத்துவிட்டு, திரும்ப வைத்தேன். தலைநகரப் பத்திரிகைக்கு ஒன்று. மெங்கினிக்கு ஒன்று, அவனுக்குப் புரிகிற எழுத்தில். ஐந்தாவது ரமோனா ஒகாம்போவின் மகனுக்கு. அதில் ஒரே ஒரு தாள், அவர் பெயர் வருகிற தாள்.

எல்லாத் தாளையும் கடைசியாக ஒரு முறை புரட்டினேன். அவள் கையெழுத்து, வெற்றிடம், அவள் கையெழுத்து, வெற்றிடம். பேனாவை மூடி வைத்துவிட்டேன். உறையின் பின்பக்கம் அனுப்புநர் பெயரும் இல்லை. நாளை ஒன்பதுக்கு அலுவலகம் போகிற வழியில் தபால் நிலையம்.